பணிப்பெண் சொன்ன பதில்

பத்து வருடங்களுக்கு முன்னால் ஒரு குருமடத்தில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போயிருந்தேன். தலித் இளைஞர்களுக்கான பயிற்சி என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒரு ஃபாதர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார்: ‘தத்துவம், இறையியலின் பணிப்பெண்.’ ஐரோப்பாவின் இடைக்காலம் முழுக்க ஓடிய வாக்கியம் இது என்றார். குருமடத்தில் இன்றைக்கும் முதலில் தத்துவம் படிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் இறையியல். ‘பணிப்பெண் வாசல் கூட்டி வைப்பாள், எஜமானியம்மா பின்னால வருவாங்க’ என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எனக்குக் கை ஓடவில்லை. எங்கம்மா இருபத்திரண்டு வருடம் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் வேலை பார்த்தது. மாட்டுக் கொட்டகை கூட்டும், சாணி அள்ளும், நெல் புடைக்கும். புழக்கடை வழியாகத்தான் போகணும், அதே வழியாகத்தான் வரணும். அந்த வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் யார் யாரை அடித்தார்கள், யார் நிலத்தை யார் எழுதி வாங்கினார்கள், எந்தப் பிள்ளை எதனால் செத்தது என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை விட அதிகமாகத் தெரியும். பணிப்பெண் என்ற சொல்லைக் கரும்பலகையில் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: தத்துவம் பணிப்பெண் என்றால், அவளுக்கும் அந்த வீட்டைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கணுமே. அதை அவள் எப்போதாவது வாயைத் திறந்து சொன்னாளா?

இந்தக் கேள்வியோடுதான் நான் இடைக்காலக் கிறித்துவத் தத்துவத்தைப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். எம்.ஏ. என்ற பட்டமே பாரிஸ் போன்ற இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இருந்த கலைப் புலத்தின் பட்டம்தான். அந்தப் புலத்தில் தேறிய பிறகுதான் மேலே இருந்த இறையியல் புலத்துக்குள் போக முடியும். நம்முடைய பட்டமும் அந்தப் புழக்கடை வழியாக வந்ததுதான்.

முதலில் இந்த உருவகத்தின் பிறப்பைப் பார்ப்போம். ஏசு காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் ஃபைலோ, ஆபிரகாமின் கதைக்கு ஒரு பொருள் சொன்னார். மனைவி சாரா ஞானம். அடிமைப்பெண் ஆகார் பள்ளிப் படிப்பு. ஞானத்தோடு சேருவதற்கு முன்னால் படிப்போடு சேர வேண்டும் என்றார். அதே ஊரைச் சேர்ந்த கிறித்துவ அறிஞர் கிளமெந்து இதை வாங்கிக்கொண்டார். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் இன்னொரு உருவகத்தை எடுத்தார். உபாகமத்தில், போரில் பிடிபட்ட பெண்ணை ஒருவன் மணக்க விரும்பினால் அவள் தலையை மழித்து நகத்தை வெட்டி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது. புறச்சமயத்தாரின் கல்வியையும் அப்படித்தான் மழித்து வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அடிமைப்பெண், பிடிபட்ட பெண். சிந்தனைக்கு இவர்கள் தேடிய உவமைகளைப் பாருங்கள். அந்தப் பெண்கள் நிஜமாகவே இருந்தார்கள். அவர்களுடைய தலைதான் மழிக்கப்பட்டது.

பதினொன்றாம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் என்ற துறவி இந்த உருவகத்தைத் தர்க்கத்தின் மேல் வைத்தார். இவர் கதை வேறு மாதிரி. சின்ன வயதிலேயே அநாதையானவர். ஒரு அண்ணன் வீட்டில் அடிமை மாதிரி நடத்தப்பட்டு, பன்றி மேய்க்க விடப்பட்டவர் என்று அவர் வரலாற்றை எழுதிய சீடர் சொல்கிறார். இன்னொரு அண்ணன்தான் அவரைப் படிக்க வைத்தார். பன்றி மேய்த்த பையன் கர்தினால் ஆனார். ஆன பிறகு, தர்க்கம் எஜமானியின் உரிமையில் தலையிடக் கூடாது, பணிப்பெண்ணாகப் பின்னால் நடக்க வேண்டும் என்று எழுதினார். மேலே ஏறியவன் கீழே இருந்ததை மறப்பது நமக்கொன்றும் புதிதில்லை.

தமியான் எந்தச் சண்டையில் இதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒருநாள் மான்டே கசீனோ மடத்துத் தலைவர் தெசிதேரியோடு உணவு மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது ஜெரோமின் ஒரு கருத்து பேச்சில் வந்தது. கடவுளால் எல்லாம் முடியும், ஆனால் கன்னிமை இழந்த பெண்ணை மறுபடி கன்னியாக்க முடியாது என்று ஜெரோம் எழுதியிருந்தார். தமியானுக்கு இது ஆகவில்லை. கடவுளின் வல்லமைக்கு எல்லை போட நாம் யார்? 1067 வாக்கில் இதற்கென்றே ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நடந்தது நடந்ததுதான் என்ற தர்க்க விதியைக் கடவுளுக்கு முன்னால் நீட்டாதே என்பது அவர் வாதம். நடந்ததை நடக்காததாகவே ஆக்கலாம் என்கிற அளவுக்கு அவர் போனாரா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஆம்பளைகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி வாதம் பண்ணுகிறார்கள். அவளுக்கு என்ன நடந்தது, யார் செய்தான், அவள் என்ன சொல்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த மேசையில் எழுந்த கேள்வி நம்முடைய கேள்வி. நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்க யாருக்காவது அதிகாரம் உண்டா?

இருநூறு வருடம் கழித்து நிலைமை மாறியது. அரிஸ்டாட்டிலின் நூல்கள் அரபு மொழியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனுக்கு வந்தன. கூடவே கோர்தோபா நகரத்து இப்னு ருஷ்தின் உரைகளும் வந்தன. தத்துவத்தைக் கற்பது மார்க்கமே இடும் கடமை என்று வாதாடியவர் அவர். 1195இல் அவர் நாடு கடத்தப்பட்டார். அவர் நூல்கள் எரிக்கப்பட்டன. பாரிஸில் 1210இலும் 1215இலும் அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களைப் பாடம் நடத்தத் தடை போட்டார்கள். 1255இல் அதே பாரிஸின் கலைப் புலத்தில் அதே நூல்கள் கட்டாயப் பாடம். நாற்பது வருடத்தில் பணிப்பெண் வீட்டுக்குள் நன்றாகவே கால் ஊன்றிவிட்டாள். வீட்டுக்காரர்களுக்குப் பயமும் வந்துவிட்டது. 1272இல், கலைப் புல ஆசிரியர்கள் திரித்துவம் போன்ற இறையியல் கேள்விகளில் முடிவு சொல்லக் கூடாது என்று விதி வந்தது. 1277 மார்ச் 7ஆம் தேதி பாரிஸ் ஆயர் தாம்பியே 219 கருத்துகளைத் தடைசெய்தார். உலகத்தில் ஞானிகள் தத்துவவாதிகள் மட்டுமே என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. தாமஸ் அக்குவினாஸ் இறந்து அன்றைக்குச் சரியாக மூன்று வருடம். அவருடைய கருத்துகளில் சிலவும் அந்த வலையில் மாட்டின. 1323இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. 1325இல் அவரைத் தொடுகிற அளவுக்கு அந்தத் தடையை பாரிஸ் ஆயரே விலக்கிக்கொண்டார்.

அக்குவினாஸும் பணிப்பெண் உருவகத்தை விடவில்லை. ஆனால் அவர் கொடுத்த ஏற்பாடு வேறு. பணிப்பெண்ணுக்கு என்று ஒரு பரப்பு உண்டு. அங்கே அவள் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம். கடவுள் இருக்கிறார் என்பதை அறிவால் காட்டலாம், திரித்துவத்தைக் காட்ட முடியாது என்றார். உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பதை விசுவாசத்தால் ஏற்றார். அதை அறிவால் நிரூபித்துவிட்டோம் என்று சொன்னவர்களிடம், இல்லை, நிரூபிக்க முடியாது என்று சொன்னார். எஜமானிக்குச் சாதகமாக இருந்தாலும் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன் என்கிற நேர்மை இது.

தமியானின் கேள்வி அக்குவினாஸ் கைக்கும் வந்தது. ‘இறையியல் சுருக்கத்தில்’ இதற்கு ஒரு தனிக் கூறே இருக்கிறது. கடந்து போனதை நடக்காததாக ஆக்கக் கடவுளால் முடியுமா? முடியாது என்கிறார். முரண்பாடு என்பது ஒரு காரியமே அல்ல; அதைச் செய்ய முடியாதது வல்லமைக்குக் குறைவும் அல்ல. அந்தப் பெண்ணின் உடலிலும் மனதிலும் உள்ள கேடு முழுவதையும் கடவுள் நீக்கலாம். ஆனால் அது நடந்தது என்பதை நீக்க முடியாது. பாவிக்கு மன்னிப்புக் கிடைக்கலாம். அவன் பாவம் செய்யவில்லை என்று ஆகாது.

‘கேடு’ என்று அந்தப் பெண்மேலே பழியை ஒட்டுகிற மொழியை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த முடிவை விடமாட்டேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் அவர்கள் பிணம், இந்தப் பக்கம் எங்கள் பிணம். சுவரைப் பற்றிப் பேசப் போனபோது பெரியவர்கள் சொன்னது: ‘பழசையெல்லாம் கிளறாதீங்கப்பா. ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரு. நடந்தது நடந்துபோச்சு.’ இந்த மூன்று வாக்கியத்தில் கடைசி வாக்கியம்தான் உண்மை, அதுதான் நம்முடைய ஆயுதமும். நடந்தது நடந்துபோச்சு, அதனால்தான் அதை இல்லை என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. கடவுளுக்கே இல்லாத அதிகாரம் பங்குப் பேரவைக்கு எங்கிருந்து வந்தது? மன்னிப்பு வேறு, துடைத்துப் போடுவது வேறு. நாம் எழுதுகிற சாட்சியங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் நிற்கின்றன.

அதற்காக அறிவு நம் பக்கம், விசுவாசம் அவர்கள் பக்கம் என்று கணக்குப் போட்டால் தப்பு. ‘இயல்பிலேயே அடிமை’ என்று சிலரைப் பிரித்தவர் தத்துவவாதி அரிஸ்டாட்டில். அக்குவினாஸ் அதை முழுசாக ஏற்கவில்லை. இந்த மனிதன் அடிமையாக இருப்பதற்கு, மனிதனை மட்டும் வைத்துப் பார்த்தால் இயல்பில் காரணம் இல்லை என்கிறார். உடம்பைக் காப்பாற்றுவது, கல்யாணம் செய்வது போன்றவற்றில் எல்லா மனிதரும் சமம், அடிமை அதில் எஜமானனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்கிறார். கதவு வரைக்கும் வந்துவிட்டார். தாழ்ப்பாளைத் திறக்கிற நேரத்தில், அறிவுள்ளவனுக்குக் கீழே இருப்பது அடிமைக்கும் பயன்தான் என்று அரிஸ்டாட்டில் பேரைச் சொல்லித் திரும்பிப் போய்விடுகிறார். 1550இல் வயதோலித் நகரில் அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி நடந்த விவாதத்தில், செபுல்வெதா அதே அரிஸ்டாட்டிலைத்தான் கையில் வைத்திருந்தார்.

எதிர்ப் பக்கம் பாருங்கள். நான்காம் நூற்றாண்டில், நீசா நகர் ஆயர் கிரகோரி விவிலியப் பிரசங்கம் ஒன்றில் அடிமை வாங்குகிறவர்களைப் பார்த்து, கடவுளின் சாயலுக்கு எவ்வளவு விலை கொடுத்தாய் என்ற பொருளில் கேட்டார். அது முழுக்க இறையியல் வாதம். ஆனால் அகுஸ்தீன், அடிமைத்தனம் பாவத்தின் விளைவு, அடிமைகள் மனதாரப் பணிய வேண்டும் என்று எழுதினார். ஐரோப்பியத் திருச்சபை நெடுங்காலம் அகுஸ்தீனின் வழியில்தான் நடந்தது. எஜமானியும் பணிப்பெண்ணும் சண்டை போட்டபோது நமக்குச் சில நல்ல வார்த்தைகள் கிடைத்தன. ரெண்டு பேரும் ராசியாகப் போனபோது, வயலில் நின்றவர்களைப் பற்றிப் பேச ஆளில்லை.

1798இல் கான்ட் இந்த உருவகத்தைக் கிண்டல் பண்ணினார். பணிப்பெண் எஜமானிக்கு முன்னால் விளக்குப் பிடித்துப் போகிறாளா, பின்னால் அவள் ஆடையின் முந்தியைத் தூக்கிப் போகிறாளா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் விளக்குப் பிடித்தாலும் கூலிக்காரிதானே.

நான் மறுபடி ஆகாரிடமே போகிறேன். தொடக்கநூல் 16ஆம் அதிகாரம். சாராவின் கொடுமை தாங்காமல் கர்ப்பிணியாக வனாந்தரத்துக்கு ஓடிப் போகிறாள். திரும்பிப் போய் அடங்கி இரு என்றுதான் தூதர் சொல்கிறார். அதை மறைக்க வேண்டாம். ஆனால் அந்த இடத்தில்தான் அவள் கடவுளுக்குத் தானாக ஒரு பெயர் வைக்கிறாள்: என்னைப் பார்க்கிற கடவுள். ஃபைலோவும் கிளமெந்தும் அவளைப் படிப்பு என்று ஆக்கிவிட்டு, அவள் சொன்னதைப் படிக்காமலே விட்டார்கள். கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ஆகாரை மையமாக வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பணிப்பெண் என்று பெயர் வைக்கப்பட்டவர்களின் பேத்திகள் எழுத ஆரம்பித்த பிறகுதான் அந்த உருவகம் தலைகீழானது. பார்த்தவர் ஒருத்தர் இருக்கிறார் என்றால், நடந்தது அழியாது. ஆகாரின் விசுவாசமும் அக்குவினாஸின் தர்க்கமும் இங்கே ஒன்றாகின்றன.

கடைசியாக ஒன்று. இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் நம்மவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், நம்மோடு வேலை செய்த ஒரு பெண் எழுந்து, நம் ஆள் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொன்னார். மேடையிலிருந்து பதில் வந்தது: ‘இயக்கத்துக்குக் கெட்ட பேர் வரும்மா. நடந்ததை மறந்துடு.’ அண்ணன் மாதிரி அன்பாகத்தான் சொன்னார்கள். சர்ச்சில் எங்களுக்குச் சொன்ன அதே வாக்கியம். அக்குவினாஸையும் தமியானையும் படித்திருந்த நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என் படிப்பு இயக்கத்தின் பணிப்பெண்ணாக முந்தியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்தப் பெண் அதற்கப்புறம் வரவில்லை. கூட்டக் குறிப்பேட்டில் அவர் பேசியது எழுதப்படவும் இல்லை. அவர் பேசினார். நடந்தது. இங்கே எழுதி வைக்கிறேன்.