விருப்பம் வேறு, கடன் வேறு

சென்னையின் பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும், கடலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் குடியிருந்துகொண்டு மாதக்கணக்கில் மணலில் கால் வைக்காதவர்கள் பலர் உண்டு. உப்புக்காற்று ஜன்னல் கம்பிகளை அரிக்கிறது. ஞாயிறு மாலைக் கூட்டம் தெருக்களை அடைக்கிறது. வெயிலும் புழுக்கமும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காமல் இருக்கலாமா என்று ஊரார் குறைப்படுகிறார்கள். இந்தக் குறையை ஒட்டி இரண்டு கேள்விகள் எழுகின்றன. கடலோரத்தில் வாழ்பவர் கடற்கரையை நேசித்தாக வேண்டுமா? நேசிக்காதவருக்கு அதன்மேல் பொறுப்பு ஏதும் இல்லையா?

முதல் கேள்விக்கு விடை எளிது. நேசத்தை யாரும் யார்மீதும் சுமத்த முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அலையின் அழகைப் பேசுவது கொடுமை. மீனவர்களின் உறவும் ரசனையால் அமைந்ததல்ல. படகை ஏற்றி வைக்கவும் வலையைச் சீர்செய்யவும் மீனை ஏலம் விடவும் கருவாடு காயவைக்கவும் அவர்களுக்குக் கரை வேண்டும். வாடைக்காற்றும் கச்சான்காற்றும் அவர்களுக்கு அன்றைய பாட்டைத் தீர்மானிக்கும் செய்திகள். பொழுதுபோக்க அவர்கள் கரைக்கு வருவதில்லை என்பதால் கரைமேல் அவர்களுக்குள்ள உரிமை குறைந்துவிடாது. ஆகவே கடற்கரை பிடிக்கவில்லை என்பது ஒழுக்கக் குறைபாடு அல்ல.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. நேசிப்பதைத்தான் மனிதர் காப்பார்கள், ஆகவே நேசத்தை வளர்ப்பதே வழி என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சென்னைக் கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பாதுகாக்க 1988-இல் மாணவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் இரவெல்லாம் மணலில் நடக்கிறார்கள். நேசம் இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஒரு பணி தொடராது. அந்த நேசத்தைப் போற்றத்தான் வேண்டும்.

ஆனால் நேசம் பாரபட்சம் உடையது. தனக்குப் பிடித்த இடத்தை அணைத்துக்கொள்ளும். பிடிக்காத இடத்தைத் திரும்பியும் பார்க்காது. 1870களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலைத் துறைமுகத்தின் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. கடல் விலகி மெரினா அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில் அங்கே உலாச்சாலை அமைந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் போய்ச் சேரவில்லை. கடல் உள்ளே புகுந்து வீடுகளைத் தின்றது. கல் கொட்டிச் சுவர் எழுப்ப நேர்ந்தது. தென்கரையின் அழகும் வடகரையின் இழப்பும் ஒரே செயலின் இரு விளைவுகள். மெரினாவை நேசித்த நகரம் அந்த இழப்புக்குத் தனக்கும் பங்குண்டு என்று நினைத்துப் பார்த்ததில்லை.

எண்ணூரிலும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்கள் நாள்கணக்கில் தொழிலுக்குப் போக முடியவில்லை. அனல்மின் நிலையங்களின் சாம்பல் பல ஆண்டுகளாகவே அந்தக் கழிமுகத்தைத் தூர்த்துவந்திருக்கிறது. மாலை உலாவுக்கு எண்ணூரைத் தேடிப்போகிறவர் குறைவு. நேசம்தான் அளவுகோல் என்றால் எண்ணூருக்காகக் குரல் கொடுக்க ஆளே இருக்காது.

நேசம் சில சமயம் மனிதரையும் விலக்குகிறது. 1985-இல் மெரினாவை அழகுபடுத்தவென்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் வழியே செல்லும் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று அகற்றப்பட்டன. கரை அழகாக இருக்கவேண்டும் என்ற ஆசை, அந்தக் கரையில் தலைமுறைகளாகப் பிழைப்பவர்களை இடைஞ்சலாகக் காணத் தொடங்கினால் அந்த ஆசை அறம் ஆகாது.

அப்படியானால் பொறுப்பு எதிலிருந்து பிறக்கிறது? பயனிலிருந்து பிறக்கிறது. திருவான்மியூரிலிருந்து தெற்கே நீளும் கடலோர மணலின் அடியில் மழைநீர் இறங்கி நன்னீராகத் தங்குகிறது. மணலில் கால் வைக்காதவர் வீட்டு ஆழ்துளைக் கிணறும் அந்த நீரைத்தான் இறைக்கிறது. அளவு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வரும். முதலில் உவர்ப்பது அடுத்த தெருவின் குழாயாகவும் இருக்கலாம். நெம்மேலி ஆலையில் கடல்நீரே குடிநீராகி நகரக் குழாய்களில் வருகிறது. நகரத்தின் சாக்கடை கூவம், அடையாறு வழியாக அதே கடலில் கலக்கிறது. கடலிடம் வாங்குவதும் கடலில் கொட்டுவதும் எல்லோருக்கும் பொது. விருப்பம் இல்லை என்று சொல்லி இந்தக் கணக்கிலிருந்து யாரும் விலக முடியாது.

வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். ஒப்புரவறிதலுக்குத் தனியே இன்னோர் அதிகாரம் வைத்தார். ஊரோடு வாழ்பவர் ஊருக்குச் செய்யவேண்டியது, அன்பு பெருகும் நாளில் மட்டும் செய்வதல்ல. அன்பு இல்லாத நாளிலும் அந்தக் கடன் நிற்கிறது.

இந்தக் கடன் பெரிய தியாகம் எதையும் கேட்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு இருட்டில் வெளிச்சமான திசையை நோக்கி நகரும். இயற்கையில் அது கடலின் திசை. மாடி விளக்குகள் அதை நடுரோட்டுக்கு இழுத்துவிடும். அந்தப் பருவத்தில் கடல் பக்கத்து விளக்குகளை அணைக்க ஆமைமேல் பாசம் தேவையில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பைப் பெயரளவில் வைக்காமல் தூர்வாரிப் பராமரிப்பது, மணல்மேட்டைப் பிடித்துவைக்கும் அடும்புக் கொடியைக் குப்பையென்று வழிக்கவிடாமல் தடுப்பது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் கட்டிய வீட்டை வாங்க மறுப்பது, மீன் வாடை அடிக்கிறது என்று ஊரூர் ஆல்காட் குப்பத்து மக்களுக்கு எதிராக மனு எழுதாமல் இருப்பது: இவை எதற்கும் கடலை ரசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீதியுணர்வு இருந்தால் போதும்.

கடற்கரைக்குப் போகாதவரைக் குறைசொல்வதை ஊர் நிறுத்தட்டும். போகாதவரும் ‘எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்று சொல்வதை நிறுத்தட்டும். கடலோர ஊரின் நல்ல குடிமகனை அளக்க வேண்டியது, கரைக்காகவும் கரையில் பிழைப்பவருக்காகவும் அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதை வைத்துத்தான்.