தேய்மானம்

2009 அக்டோபர் 5. விடிவதற்கு முன் தொலைபேசி ஒலித்தபோது கரோல் கிரெய்டர் துணி துவைக்கும் வேலையில் இருந்தார். எலிசபெத் பிளாக்பர்னோடும் ஜாக் சோஸ்டாக்கோடும் அவருக்கு நோபல் பரிசு என்றார்கள். இதை வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிக்கிறார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வருவதில்லை.

குரோமோசோமின் முனைகளில் டெலோமியர் என்றொரு காப்பு உண்டு. செல் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் தேயும். மிகவும் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். தேய்ந்ததை மீண்டும் கட்டும் நொதி டெலோமெரேஸ். பெர்க்லியில், பிளாக்பர்னின் மாணவியாக இருந்த கிரெய்டர், குளத்து நீரில் வாழும் ஒற்றைச்செல் உயிரொன்றில் அதன் தடயத்தை முதலில் பார்த்தது 1984 கிறிஸ்துமஸ் அன்று. உடனே அமுதம் என்று துள்ள வேண்டாம். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் சாகாமல் பெருகுவதும் இதே நொதியின் தயவில்தான்.

என்னை உறங்கவிடாதது 2004இல் உளவியலாளர் எலிசா ஏப்பல், பிளாக்பர்னுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு. 58 தாய்மார். அவர்களில் 39 பேர் நீண்டகால நோயுள்ள குழந்தையைப் பராமரிப்பவர்கள். பராமரித்த ஆண்டுகள் கூடக்கூட டெலோமியர் குறுகியிருந்தது. மிக அதிக மன அழுத்தத்தை உணர்ந்தவர்களின் வெள்ளணுக்கள், மிகக் குறைவாக உணர்ந்தவர்களுடையதைவிடப் பத்து வயதாவது மூத்தவையாகத் தெரிந்தன. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவியதல்ல. ஆனாலும் அந்தப் பத்து வயதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

‘பிள்ளைக்காகச் சந்தனமாய்த் தேய்ந்தாள்’ என்று புகழ்வோம். இலக்கணம் நடத்துகிறவள் நான். அந்த வினை உறுத்துகிறது. தேய்ந்தாள் என்பது தன்வினை. அதில் செய்தவர் எவரும் இல்லை. ‘தேய்த்தார்கள்’ என்று பிறவினையில் சொல்லிப் பாருங்கள், யார் என்ற கேள்வி உடனே எழும். நிச்சயமாக அந்த நோயுற்ற குழந்தை அல்ல. இரவில் விழித்திருக்க இன்னொருவர் வராத வீடு, விடுப்பு தராத வேலையிடம், தாய் இருக்கிறாளே என்று ஒதுங்கிய அரசு.

அவள் மனமுவந்துதானே செய்தாள் என்பார்கள். உவந்துதான் செய்திருப்பாள். மறுக்க வழியிருந்தும் கொடுத்தால்தான் அது கொடை. வேறு யாருமில்லாததால் கொடுத்ததற்கு என்ன பெயர்? இப்போது மூச்சுப்பயிற்சி செய், மனதை லேசாக வை என்கிறார்கள். தேய்ந்ததும் அவள், சரிசெய்ய வேண்டியதும் அவள்.

அந்த 58 பேரும் பெண்கள். தந்தையரின் இரத்தம் அந்த ஆய்வுக்காக எடுக்கப்படவில்லை.