தூரதேசத்துக் கொந்தராத்து



பொருளீட்டுதற்பொருட்டு ஒருவன் தன் ஊரை விட்டு நெடுந்தூரஞ் செல்லலாமோ என்னும் வினா நம்மவருக்குள்ளே புதியதன்று. ஆயினும் அவ்வினா கொந்தராத்துக்காரரைக் குறித்து எழும்பொழுது வேறொரு தன்மை அடைகின்றது. எழுதுவினைஞன் ஒருவன் கொழும்புக்குச் சென்றால் அவன் ஒருவனே செல்கின்றான். கொந்தராத்துக்காரன் செல்லும்பொழுது மேசன்மார் நால்வர், தச்சர் இருவர், கையாட்கள் பதின்மர் அவனோடு செல்கின்றனர். அக்கையாட்களுள் இருவர் மூவர் சென்ற ஆண்டு நம்முடைய வகுப்பில் இருந்தவர்களாயிருத்தல் கூடும். "வாத்தியார், மகனைக் கொந்தராத்துக்காரரோடு அனுப்பலாமோ?" என்று தாய்மார் வந்து வினாவுவதும் நம்மிடமேயாம். ஆதலால் இது நம்மைச் சாராத விஷயமென்று ஒதுக்குதல் ஆசிரியர் எவருக்கும் இயலாது.

செல்லவே கூடாதென்று பொதுப்பட விலக்குவோர் சிலருளர். கூழ் குடித்தேனும் ஊரிற் கூடியிருத்தலே அறமென்பது அவர் துணிபு. அஃது எமக்கு உடன்பாடன்று. மாதந் தவறாது சம்பளம் வாங்கும் எம்மனோர் வாயிலிருந்து அவ்வுபதேசம் வருமாயின், கேட்போருக்கு அது நகை விளைத்தலுங் கூடும். மலாயா நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத் திறக்கப்பட்டது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் கடமை பார்த்த ஸ்பூனர் என்னும் இஞ்சினியர் 1891இற் சிலாங்கூருக்குச் சென்று, 1901இல் அந்நாட்டுப் புகையிரதப் பகுதிக்குத் தலைவரானார். அக்காலந்தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கப்பலேறினர். அவர் அனுப்பிய பணம் ஊரிலே கல்வீடாயிற்று; கோயில் மதிலாயிற்று. அது வாராதிருந்தால் நம் சைவ பாடசாலைகளுட் சில ஓலைக் கொட்டில்களாகவே நின்றிருக்கும் என்பது எம் எண்ணம். அவர்கள் போன இடத்திலுங் கடவுளை மறந்தாரல்லர். கோலாலம்பூரிற் பிரிக்ஃபீல்ட்ஸ் என்னுமிடத்திலுள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எடுப்பித்ததேயாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களும் 1849ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்குதற்குச் சென்னபட்டணஞ் சென்று மீண்டார்கள். ஆயினும் அவர்கள் இல்லறத்திற் புகாதவர்கள். மனைவி மக்களை உடையாருக்கு அவ்வுதாரணம் முழுவதும் ஒவ்வாது.

இல்லறத்தானுக்குப் பொருந்தும் உதாரணத்தைச் சேக்கிழார் சுவாமிகள் காரைக்காலம்மையார் புராணத்திலே வைத்தருளினார். அம்மையாரின் நாயகனாகிய பரமதத்தன் மரக்கலமேறிக் கடல் கடந்து வாணிகஞ் செய்தான். அதனைப் புராணம் யாண்டும் பழித்திலது. வணிகன் கடல் கடத்தல் அவன் தொழில். துன்பம் வேறிடத்தில் உளது. அவன் மீண்டு பாண்டிநாட்டுத் துறைப்பட்டினமொன்றிற் கரைசேர்ந்தான். சேர்ந்த செய்தியை மறைத்தான். அங்கேயே வேறொரு பெண்ணை மணந்து மகவும் பெற்றான். காரைக்காலிலே அம்மையார் ஒன்றும் அறியாது மனையறங் காத்திருந்தார். அம்மையாரைத் தெய்வமென்று அஞ்சியே அவன் அவ்வாறு செய்தான் என்பது உண்மை. அந்த நியாயம் நம்மூர்க் கொந்தராத்துக்காரருக்கு இல்லை; மறைவு மாத்திரம் பலரிடத்து உளது. இந்நாளிலே கைத்தொலைபேசி இருத்தலாற் பிள்ளை தந்தையின் முகத்தை நாடோறுங் காண்கின்றது. காண்பினும், "உன் தகப்பனார் இப்பொழுது எவ்வூரில் இருக்கின்றார்?" என்று வகுப்பிற் கேட்டால் விடை கூறவறியாது நிற்கும் பிள்ளைகளை யாம் கண்டிருக்கின்றோம், நீங்களுங் கண்டிருப்பீர்கள். தவணை அறிக்கையில் ஆண்டுமுழுவதுந் தாயின் கையெழுத்தே இருக்கும். வீட்டிலுள்ள மூத்த பையன் பன்னிரண்டு வயதிலே தகப்பனாகி விடுகின்றான். அவன் வகுப்பில் உறங்கும்பொழுது பிரம்பை எடுக்குமுன் இதனையும் நினைத்தல் வேண்டும்.

இனி, உடன்கொண்டு செல்லப்படுவோரைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். கொந்தராத்தின் உயிர் இங்கேதான் உளது. மதுரையிலே வையை பெருகிக் கரை உடைந்தபொழுது, அரிமர்த்தன பாண்டியன் அக்கரையை அளந்து குடிகளுக்குப் பங்கிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அவளுக்குப் புதல்வருமில்லை, ஆளுமில்லை. அப்பொழுது நம்பெருமான் கூடையும் மண்வெட்டியும் உடைய கூலியாளாக வந்து, "என்னைக் கூலி கொடுத்து வேலை கொள்வார் உளரோ?" என்று தெருவிலே திரிந்தருளினார். உதிர்ந்த பிட்டே கூலி என்று முன்னரே பேசி முடிந்தது. அக்கூலியை வந்தி வேலை முடியுமட்டும் பிடித்து வைத்தாளல்லள்; பசித்தவனுக்கு முதலிற் கொடுத்தாள். அவர் சென்று ஆடினார், பாடினார், உறங்கினார். அவள் பங்கு அடைபடாது கிடந்தது. அரசன் சினந்து கூலியாளைப் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் எல்லா உயிர்களின் முதுகிலும் பட்டது.

இத்திருவிளையாடலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்பொழுது நாம் பெரும்பாலும் பிட்டோடும் பிரம்போடும் நின்றுவிடுகின்றோம். வேலைக்கூலியைப் பற்றி இதனினுந் தெளிவான உபதேசம் நம் சமயத்தில் வேறு யாதுளது? கூலியாளின் உடம்பை இறைவன் தன் உடம்பாகக் கொண்டான். அவ்வுடம்பு ஊரில் இருக்கும்பொழுது அதனை அடிப்பதற்கு அஞ்சுவோர் உளர். அயல் பார்க்கும், உறவினர் கேட்பர். நூறு மைலுக்கு அப்பாற் கேட்பார் யார்? தூரம் கொந்தராத்துக்காரனுக்குத் தருஞ் சோதனை இதுவேயாம். நாட்சம்பளம் இவ்வளவு என்று ஊரிற் பேசிய வாய், வேலைத்தலத்திலே சாப்பாட்டுக்குக் கழிவு, மழைநாளுக்குக் கழிவு, பஸ் கூலிக்குக் கழிவு என்று பேசுகின்றது. முற்பணம் வாங்கிய பையன் அதனைத் தீர்க்குமளவும் ஊர் மீள வழியறியான்.

யாம் மிஷன் பாடசாலையிற் படித்த நாளில், யாக்கோபு என்பவன் தூரதேசத்திலே தன் மாமனாகிய லாபானிடம் பல்லாண்டு ஊழியஞ் செய்ததையும், அம்மாமன் பேசிய கூலியைப் பத்து முறை மாற்றினான் என்று அவன் முறையிட்டதையும் பாடமாகக் கற்றோம். பிறர் வேதத்துக் கதையாயினும் உண்மையை ஒப்புக்கொள்வதிற் குறைவில்லை. பேசிய கூலி தூரத்திலே மாறுவது எந்நாட்டினும் எக்காலத்தினும் உள்ள நோய். கட்டார் நாட்டிலே 2022ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் பந்தாட்டத்துக்கு அரங்குகள் எழும்பிய காலத்தில், தெற்காசியத் தொழிலாளர் பட்ட துன்பம் உலகம் அறிந்தது. வேலை கொள்வோன் உத்தரவின்றி ஒருவன் வேறிடம் மாறவியலாது என்னும் ஏற்பாடு அங்கே 2020இலேதான் சட்டத்தால் நீக்கப்பட்டது. கடல் கடந்து போவோருக்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உளது. அதிற் பதிந்து செல்லுதல் ஓரளவு காப்பாம். உள்நாட்டிலே கொந்தராத்துக்காரரின் வாய்ச்சொல்லை நம்பிப் போவோருக்கோ எழுத்தொன்றுமில்லை.

வேலையின் நன்மை தீமையுந் தூரத்தைச் சார்ந்ததே. 2009இல் யுத்தம் முடிந்தபின் இந்திய அரசாங்கத்தின் உதவியால் வீடமைப்பு நிகழ்ந்ததை அறிவீர்கள். முதற்கண் 1,000 வீடுகள் கொந்தராத்துக்காரராற் கட்டப்பட்டு 2012இல் முடிந்தன. அவ்வாண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி வடக்குக் கிழக்கிலே தொடங்கிய பெரும்பகுதியில் வேறு முறை கையாளப்பட்டது. வீடொன்றுக்கு 550,000 ரூபா வீட்டுக்காரரின் கணக்கிலே தவணை தவணையாக இடப்பட, அவரே மேசனை அமர்த்திக் கட்டினர். வேலை ஒரு படி ஏறினாலன்றி அடுத்த தவணை வாராது. அத்திவாரத்தோடு மேசன் வேறூருக்குப் போய்விடின், வீட்டுக்காரி தகரக் கொட்டிலிலே மாரியைக் கழிக்க வேண்டியதுதான். அரசாங்கத்தின் பெரிய வேலைகளில், முடிந்தபின்னும் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, வெடிப்பு ஒழுக்கு முதலியவற்றைத் திருத்துவித்தபின் கொடுப்பது வழக்கு. ஏழை விதவையின் வீட்டுக்கு அவ்வேற்பாடு ஏது? கூரை ஒழுகினால், கொந்தராத்துக்காரன் எட்டும் தூரத்தில் இருப்பதொன்றே அவளுக்குள்ள பிணை.

ஒரு வேலை முடியுமுன் மற்றொன்றுக்கு முற்பணம் வாங்கும் வழக்கமும் இத்தூரத்திற் பிறந்ததே. இங்கே கேட்டால் "அங்கே நிற்கின்றேன்" என்பர். அங்கே கேட்டால் "இங்கே நிற்கின்றேன்" என்பர். தம்பிரான்றோழராகிய சுந்தரமூர்த்தி நாயனாரே திருவொற்றியூரிற் சங்கிலியாரைப் பிரியேன் என்று வாக்குக் கொடுத்தார். அவ்வாக்கைத் தமக்கு இலேசாக்கும்பொருட்டு, சபதஞ் செய்யும்பொழுது சந்நிதியை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டிக்கொண்டார். இறைவனோ மகிழின்கீழேயே சபதஞ் செய்விக்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். திருவாரூர் வசந்தவிழாவை நினைந்து நாயனார் ஒற்றியூரெல்லையைக் கடந்தபொழுது இரு கண்ணும் மறைந்தன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றைக் கண் என்று வழிநெடுகப் பாடியே திரும்பப் பெற்றார். அவர் திருவாரூருக்குச் சென்றது பாவமா? திருவாரூர் சிவத்தலமன்றோ! போன இடம் புண்ணியத்தலமாயினும், கொடுத்த வாக்கை மீறிப் போதல் அடியாருக்கும் பொறுக்கப்படவில்லை.

எவ்வளவு தூரம் போகலாமென்று மைற்கணக்குக் கேட்பவர் உளர். எம் அயலிலுள்ள கொந்தராத்துக்காரர் ஒருவரின் வழக்கத்தைச் சொல்லுகின்றோம், பெயர் வேண்டியதில்லை. அவர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வேலை ஏற்பார். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அங்கே கூலி கூடுதலென்று அறிந்தும் ஏற்கமாட்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆட்களைத் தம் செலவிலே ஊருக்கு அனுப்புவார். சம்பளத்திற் பாதியை அவ்வவர் வீட்டிலே தாயிடமோ மனைவியிடமோ தாமே கொடுத்துக் கையொப்பம் வாங்குவார். மதுபானஞ் செய்தவனை அடுத்த வேலைக்கு அழையார். "கொழும்புக்குப் போனாற் பதினைந்து நாட்கணக்கு எனக்குக் கட்டாது" என்பதே அவர் கூறும் காரணம். வேறொருவர் கொழும்பிலிருந்தும் அக்கணக்கைக் கட்டுவாராயின் அவர் செல்வதை யாம் தடுக்கோம். வவுனியாவிலிருந்தே கட்டாதவர் செல்லுதல் தகாது.

எல்லாருக்கும் அண்மையிலே வேலை கிடைப்பதில்லையே என்பீர்கள். உண்மை. கடனுடையவன் தான் போக வேண்டியிருப்பிற் போகட்டும். தன் வயிற்றைத் தான் வருத்திக்கொள்ள அவனுக்கு உரிமையுண்டு. பிறர் பிள்ளைகளை உடன்கொண்டு போவதற்கு அக்கடன் நியாயமாகாது.

ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கன சில உள. சாதாரணதரப் பரீட்சை எழுதிய பையன் கொந்தராத்து வேலைக்குப் போதற்கு நற்சான்றுப் பத்திரம் கேட்டு வருவான். எழுதிக் கையில் கொடுக்குமுன், நாட்சம்பளம் எவ்வளவு, அதனை எந்நாளில் யார் கொடுப்பார், இரவில் எங்கே படுக்கை, அடையாள அட்டை யார் கையில் இருக்கும், எத்தனை நாளைக்கு ஒருமுறை வீடு வருவான் என்று கேளுங்கள். விடை தெரியாதாயின், கொந்தராத்துக்காரரையே அழைப்பித்துக் கேளுங்கள். அவர் நம்மிடம் படித்தவராகவும் இருக்கலாம். வாத்தியாருக்கு முன் பேசிய சம்பளத்தை மாற்றுதல் அவருக்குச் சிறிது கடினமாயிருக்கும். அவ்விடைகளை ஒரு தாளில் எழுதி, இருவரையுங் கையொப்பமிடச் செய்து, பிரதியைத் தாயிடம் கொடுங்கள். இன்னும், வகுப்பிடாப்பிலே தகப்பனார் பெயருக்கு எதிரே அவர் இப்பொழுது தங்கியிருக்கும் இடத்தையுந் தொலைபேசி இலக்கத்தையுந் தவணைதோறும் புதிதாகக் கேட்டுக் குறித்து வையுங்கள். பிள்ளை அறியாதாயின் வீட்டுக்குச் சென்று கேளுங்கள். பெரும்பாலும் மாலை வேளையிலேதான் தாய் வீட்டில் இருப்பாள்.