மீந்திருப்பதன் கணக்கு

கொடுப்பதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் உள்ளத்தில் முதலில் தோன்றும் கேள்வி, 'எவ்வளவு?' என்பதே. பங்குத் திருவிழாவுக்கு எவ்வளவு, ஆலயக் கட்டட நிதிக்கு எவ்வளவு, மறைபரப்பு ஞாயிறன்று எவ்வளவு, புயலில் வீடிழந்தோருக்கு எவ்வளவு என்று தொகையைச் சுற்றியே நம் எண்ணம் வட்டமிடுகிறது. தொகை முடிவானதும் மனம் அமைதி கொள்கிறது. ரசீது கைக்கு வந்ததும் கணக்கு முடிந்துவிட்டதாகக் கருதி நம் வேலையைப் பார்க்கச் செல்கிறோம்.

எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் இயேசு காணிக்கைப் பெட்டியின் எதிரே அமர்ந்திருந்ததை நற்செய்தியாளர் மாற்கு நமக்குக் காட்டுகிறார். செல்வர் பலர் மிகுதியாகப் போடுகின்றனர். ஏழைக் கைம்பெண் ஒருவர் இரண்டு சிறு காசுகளைப் போடுகிறார். பெட்டியில் விழுந்ததை வைத்துப் பார்த்தால், அவருடைய காணிக்கையே மிகச் சிறியது. ஆண்டவரோ அதையே எல்லாவற்றிலும் பெரியதெனக் கண்டார். செல்வர் எவ்வளவு போட்ட பின்பும் அவர்கள் வாழ்வு முன்பிருந்தபடியே இருந்தது. கைம்பெண்ணிடமோ மீந்தது ஒன்றுமில்லை. கொடுத்ததை நாம் எண்ணுகிறோம். கொடுத்தபின் கையில் மீந்திருப்பதை ஆண்டவர் எண்ணுகிறார். 'எவ்வளவு கொடுத்தேன்?' என்பது கொடையாளியின் கேள்வி. 'என்னிடம் மீந்திருப்பது யாருடையது, அதை யாருக்காக வைத்திருக்கிறேன்?' என்பது வீட்டுப் பொறுப்பாளரின் கேள்வி. இவ்விரண்டில் எதைக் கேட்டுக்கொண்டு வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தே நம் சீடத்துவம் அமைகிறது.

திருச்சபை இக்கேள்வியை நெடுங்காலமாகச் சிந்தித்து வந்துள்ளது. 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமா இதனை இருகூறாக்கி விளக்கினார். பொருளை ஈட்டுவதிலும் நிர்வகிப்பதிலும் மனிதர் அதைத் தமக்குரியதாகக் கொள்ளலாம்; பயன்படுத்துவதிலோ அதைப் பொதுவானதாகக் கருதி, தேவையுள்ளோருடன் பகிர ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பத்திரம் நம் பெயரில் இருக்கலாம். பயனிலோ பிறர்க்கும் பங்குண்டு. 1891இல் 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை எழுதிய திருத்தந்தை 13ஆம் லியோ, தனியுடைமை உரிமையை உறுதியாக ஆதரித்தார். அதே மடலில், ஒருவர் தம் தேவையையும் தம் நிலைக்கேற்ற வாழ்வையும் நிறைவு செய்தபின், மிஞ்சுவதிலிருந்து வறியோர்க்கு வழங்குவது கடமை என்றும் கற்பித்தார்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. 'நிலைக்கேற்ற வாழ்வு' என்பதன் எல்லை எது? ஓட்டு வீட்டில் இருந்தபோது காரை வீடு நம் நிலைக்கு மேற்பட்டதாகத் தோன்றியது. காரை வீடு வந்தபின் மாடி தேவையாயிற்று. மிதிவண்டியில் பணிக்குச் சென்ற குடும்பத்தில் இன்று இரு சக்கர வண்டி இரண்டு நிற்கின்றன. அடுத்து மகிழுந்து வேண்டும். மூத்த மகளின் திருமண விருந்துக்கு முந்நூறு பேர் வந்தனர். இளையவளின் திருமணத்துக்கு ஆயிரம் பேராவது வராவிட்டால் உறவினர் முன் தலைநிமிர இயலாது என்கிறோம். வருவாய் ஒரு படி ஏறினால் தேவை இரு படி ஏறுகிறது. ஆகவே மிஞ்சியபின் கொடுக்கலாம் என்று காத்திருக்கும் வீட்டில் எந்நாளும் எதுவும் மிஞ்சுவதில்லை. பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் மிச்சமில்லை என்று நம்மால் நேர்மையாகவே சொல்ல முடிகிறது. இந்த நேர்மைதான் நமக்குள்ள ஆபத்து.

பிற்காலத்துத் திருச்சபைப் போதனை இதைக் கருத்திற்கொண்டு மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், ஏழைகளுக்கு உதவும் கடமை மிச்சத்திலிருந்து கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை என்றது. 1987இல் புனித 2ஆம் யோவான் பவுல் தம் சமூகச் சுற்றுமடலில் இக்கடமையைத் திருச்சபையின் மீதே சுமத்தினார். மிகுதியிலிருந்து மட்டுமன்றித் தேவைக்குரியதிலிருந்தும் திருச்சபை கொடுக்க வேண்டும்; தேவை நேர்ந்தால், மிகையான ஆலய அணிகலன்களையும் விலையுயர்ந்த வழிபாட்டுப் பொருள்களையும் விற்றுப் பசித்தோர்க்கு உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பது கடமையாகலாம் என்றார். ஆலயத்தின் பொன்னுக்கே இது பொருந்துமானால், நம் வீட்டுப் பெட்டகத்தின் பொன்னுக்குப் பொருந்தாமல் போகுமா?

இவ்விடத்தில் குடும்பத் தலைவர் ஒருவர் நியாயமாகவே குறுக்கிடலாம். "பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமையின் மருத்துவத்துக்கும் சேமிப்பது பாவமா? ஓய்வூதியம் இல்லாத கூலித் தொழிலாளி நாளைக்கென்று நாலு காசு முடிந்து வைப்பது நம்பிக்கைக் குறைவா?" என்று அவர் கேட்கலாம். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. கோபுரம் கட்ட விரும்புவோர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவர் என்று ஆண்டவரே எடுத்துக்காட்டுக் கூறியிருக்கிறார். கொரிந்தியர்க்கு எழுதிய புனித பவுலும், பிறர் சுமை குறைய நீங்கள் சுமையேற வேண்டும் என்பது தம் நோக்கமன்று, சமநிலை ஏற்பட வேண்டும் என்பதே நோக்கம் என்று தெளிவுபடுத்துகிறார்.

விவிலியத்தில் களஞ்சியம் கட்டிய இருவரை ஒப்பிட்டால் விடை துலங்கும். எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். லூக்கா நற்செய்தியில் வரும் அறிவற்ற செல்வனும் தானியத்தைச் சேர்க்கவே எண்ணினான். இருவரும் விளைச்சல் மிகுந்தபோது வருங்காலத்தை நினைத்தவர்கள்; சேமிப்பு என்ற அளவில் இருவருக்கும் வேறுபாடில்லை. பஞ்சம் வந்தபோது யோசேப்பின் களஞ்சியங்கள் திறக்கப்பட்டன. அயல் நாட்டிலிருந்து பசியோடு வந்த தம் சகோதரர்க்கும் அங்கே தானியம் கிடைத்தது. செல்வனோ தன் நெஞ்சோடு மட்டுமே பேசுகிறான். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள்கள் என்பதற்கப்பால் அவன் பேச்சில் வேறொரு மனிதர் நுழையவேயில்லை. அவன் திருடியதாகவோ கூலியைப் பிடித்தம் செய்ததாகவோ ஆண்டவர் கூறவில்லை. பிறர் நுழைய முடியாத களஞ்சியம் என்பதே அவனது குற்றம். இவ்வுவமையை விளக்கி மறையுரை ஆற்றிய 4ஆம் நூற்றாண்டின் ஆயர் புனித பசிலியார், பயன்படாமல் அடைந்து கிடக்கும் பொருளை அது இல்லாதவருடைய பொருளாகவே கண்டார். ஆதலால் சேமிப்பைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி, 'இதற்குக் கதவு உண்டா? பஞ்சம் வரும் நாளில் அது யாருக்குத் திறக்கும்?' என்பதாகும்.

மீந்திருப்பதைப் பற்றி இன்னொன்றும் சிந்திக்க வேண்டும். நாம் கொடுப்பனவற்றுள் பல, நமக்கு வேண்டாதவை. வெளுத்துப்போன சேலை, முந்திய நாள் குழம்பு, பிள்ளைகள் கிழித்த புத்தகப்பை ஆகியன வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் சேர்கின்றன. 'அவளுக்கு எவ்வளவோ செய்கிறோம்' என்ற நிறைவும் நமக்கு உண்டாகிறது. அவர் மாதத்தில் இரு நாள் வராவிட்டால் கூலியில் பிடித்துக்கொள்ளும் கையே பழைய சேலையை நீட்டுகிறது. நீதியில் கொடுக்க வேண்டியதைக் கொடாமல் அன்பின் பெயரால் கழிவைக் கொடுப்பது ஈகையாகாது. அது அலமாரியைக் காலி செய்வது.

பழைய ஏற்பாட்டுச் சட்டம் இதனின்று வேறொரு மீதியைக் கற்பிக்கிறது. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்காதே. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிச் செல்லாதே. ஒலிவ மரத்தையும் திராட்சைக் கொடியையும் இரண்டாம் முறை பறிக்காதே. அவை அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்று அது கட்டளையிடுகிறது. வேண்டுமென்றே விடப்படும் மீதி இது. ஓரத்துக் கதிரும் நடுவயலின் கதிரைப் போன்றதே, தரத்தில் குறைந்ததன்று. ஏழை கையேந்தி நிற்கவும் வேண்டியதில்லை. தம் கையால் அறுத்துத் தம் உழைப்பின் பயனாகக் கொண்டுசெல்வார். போவாசு தம் பணியாளரிடம், கட்டுகளிலிருந்தே கதிர்களை உருவிப் போடுமாறும் ரூத்தை அதட்டாதிருக்குமாறும் கூறினார். கொடுத்தது வெளியே தெரியாதபடி கொடுத்த கை அது.

இந்த அறிவு நம் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிலும் இருந்தது. உலையில் போட அரிசியை அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டுவைத்த தாய்மார்கள் பலர். சேர்ந்த பிடியரிசி கோவிலுக்கோ ஏழைகளுக்கோ சென்றது. மிசோரம் மாநிலத்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையில் இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து, அச்சபையின் மறைபரப்புப் பணிக்கே பெரும் துணையாக இருந்துவருகிறது. அப்பிடியரிசியின் சிறப்பு அதன் அளவில் இல்லை. அது எடுக்கப்படும் நேரத்தில் இருக்கிறது. உண்டபின் பானையில் ஒட்டியிருப்பது அதுவன்று; உலைக்குப் போகுமுன் எடுத்தது. அன்று வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும் அப்பிடி எடுக்கப்பட்டது; குறைந்த ஒரு பிடியை வீட்டார் அனைவரும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக்கொண்டனர். 'மிஞ்சினால் கொடுப்போம்' என்னும் வரிசையை அவ்வேழைத் தாய் தலைகீழாக மாற்றிவிட்டார். கொடுத்தபின் மிஞ்சுவதில் வாழ்வோம் என்பது அவர் கொண்ட ஒழுங்கு.

பொருளுக்குப் பொருந்துவது நேரத்துக்கும் பொருந்தும். நாளெல்லாம் நம் அலுவல்களுக்கு அளித்துவிட்டு, களைத்த கடைசி நாழிகையைச் செபத்துக்கும், முதிய பெற்றோருக்கும், நோயுற்ற அயலாருக்கும் ஒதுக்குகிறோம். பல நாள்களில் அதுவும் கைப்பேசியோடு கழிகிறது. 1833இல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்னும் மாணவர், இருபது வயதில் தம் நண்பர்களோடு ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். அதுவே நம் பங்குகளில் இன்றும் பணியாற்றும் வின்சென்ட் தே பவுல் சபையாக வளர்ந்தது. 1997இல் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. ஏழைகளை அவர்கள் இல்லங்களுக்கே சென்று சந்திப்பது அச்சபையின் உயிர்மூச்சு. உதவித்தொகையை ஆள்மூலம் அனுப்பிவிடலாம். வாசலில் அமர்ந்து ஒருவர் துயரைக் கேட்கும் அரைமணி நேரத்தை அவ்வாறு அனுப்ப இயலாது. அச்சபைக் கூட்டத்தில் இரகசியப் பை ஒன்றும் சுற்றிவருகிறது. யார் எவ்வளவு இட்டார் என்பதை அருகில் இருப்பவரும் அறியார். குழல்விளக்கின் ஒளியையே மறைக்கும் அளவுக்கு அதன்மேல் 'உபயம்' என்று எழுதிவைக்கும் நமக்கு அந்தப் பை ஒரு நல்ல பள்ளிக்கூடம்.

தமிழில் ஓர் அழகிய சொல் உண்டு: ஒப்புரவு. திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், அதற்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார். ஊரோடு ஒத்து வாழ்ந்து பலருக்கும் பயன்படும் பண்பை அது குறிக்கிறது. நாமோ அதே சொல்லைப் பாவ மன்னிப்பின் அருளடையாளத்துக்குச் சூட்டியிருக்கிறோம். இவ்விரு பொருளும் ஓரிடத்தில் கூடுவதைச் சக்கேயுவின் இல்லத்தில் காண்கிறோம். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர் கூறியது நீதி. தம் உடைமைகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகக் கூறியது அன்பு. இரண்டையும் அவர் ஒரே மூச்சில் கூறினார். அன்றே அவ்வீட்டிற்கு மீட்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தார். ஒப்புரவு அருளடையாளத்தை நாடும்போது பொய்யையும் கோபத்தையும் கூறுகிறோம். பூட்டிய அறையில் மீந்து கிடப்பதைப் பற்றி நாம் எப்போதாவது வாய் திறந்ததுண்டா?

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்குமாறு ஆண்டவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. ஐந்து அப்பங்களைக் கொண்டுவந்த சிறுவன் முதலில் தன்னிடமிருந்ததைக் கொடுத்தான். மிகுதி அதன்பின் வந்தது. அந்தக் கூடைகள் யாருக்குச் சென்றன என்று நற்செய்தி கூறவில்லை. நம் வீட்டுக் கூடைகள் யாருக்குச் செல்கின்றன என்பதையோ நாமே கூறியாக வேண்டும்.

மாத இறுதியில் குடும்பக் கணக்கை எழுத அமரும்போது, காணிக்கை என்ற வரியை முதலில் எழுதுவோம். வீட்டில் உழைப்பவரின் கூலியை அதற்கும் முன்னே எழுதுவோம். கடைசியில் 'கையிருப்பு' என்று எழுதியபின், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து, 'இது யாருக்காக நம் கையில் இருக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்போம். அக்கேள்விக்குப் பதிலாக ஒரு மனிதரின் முகமேனும் நம் நினைவுக்கு வருமானால், நம் களஞ்சியத்திற்குக் கதவு உண்டு.