கடவுள் பயமும் நாணயமும்

திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகாவைப் பள்ளியில் சேர்த்தபோது, விண்ணப்பத்தில் இருந்த சாதி, மதம் என்ற இரண்டு கட்டங்களையும் அவருடைய பெற்றோர் நிரப்பவில்லை. கல்லூரி, சட்டப் படிப்பு என்று அவர் போன இடமெல்லாம் அந்தக் கட்டங்கள் காலியாகவே தொடர்ந்தன. சகோதரிகள் மூவரின் பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் எந்த மதத்து வீடு என்று யாராலும் ஊகிக்க முடியாது. 2010-இல் தொடங்கி, கேட்டு, மறுக்கப்பட்டு, மறுபடி கேட்டு, 2019 பிப்ரவரி 5-ஆம் தேதி ‘சாதி, மதம் அற்றவர்’ என்ற சான்றிதழைத் திருப்பத்தூர் வட்டாட்சியரிடமிருந்து வாங்கினார். இந்தியாவிலேயே இதுதான் முதல் சான்றிதழ் என்று பத்திரிகைகள் எழுதின. முன்மாதிரி இல்லாவிட்டாலும் இதனால் வேறு யாருடைய சலுகையும் பறிபோகவில்லை என்பதே அதிகாரிகள் தரப்பு சொன்ன நியாயம்.

பாராட்டு மழைக்கு நடுவில் ஒரு கேள்வியும் எழுந்தது. பிள்ளைக்கு மதம் கொடுத்து வளர்ப்பது திணிப்பு என்றால், மதம் கொடுக்காமல் வளர்ப்பதும் திணிப்புத்தானே? கட்டத்தைக் காலியாக விட்டது ஒன்றாம் வகுப்புக் குழந்தையா, பெற்றோரா?

குதர்க்கம் என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. எந்த வீடும் பிள்ளையை வெற்றிடத்தில் வளர்ப்பதில்லை. ஐந்து வேளைத் தொழுகை, ஞாயிறு ஆராதனை, ஆடிக் கூழ், பகுத்தறிவுப் பிரச்சாரக் கூட்டம் என ஏதோ ஒன்று பிள்ளையின் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். தாய்மொழியைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டா பேசத் தொடங்குகிறோம்? எனவே வளர்ப்பில் குற்றம் காண்பதற்கு ஒன்றும் இல்லை. வளர்ந்த பிள்ளை ஒரு நாள் ‘எனக்கு இதில் நம்பிக்கை இல்லை’ என்று சொல்லும்போது வீடு என்ன செய்கிறது என்பதில்தான் அறம் தொடங்குகிறது.

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்குமான தோல் பதனிடும் ஊர்களின் பட்டையில் அப்படிச் சொல்வது எளிதான காரியம் இல்லை. உமராபாத்தில் 1924 முதல் ஜாமியா தாருஸ்ஸலாம் மதரஸா, வாணியம்பாடியில் 1919-இல் தொடங்கிய இஸ்லாமியா கல்லூரி, ஆம்பூரில் லுத்தரன் மிஷன் விட்டுச்சென்ற கன்கார்டியா பள்ளி, வேலூரில் சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரி, அதற்குத் தெற்கே ஸ்ரீபுரம் பொற்கோயில். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேலையும் மதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஊர்கள் இவை. பெண் பார்ப்பது ஜமாத் வழியாக, வேலைக்குச் சிபாரிசு சபை வழியாக, வட்டிக்குப் பணம் கோயில் சீட்டு வழியாக. இங்கே மதம் ஒருவருடைய முகவரி மாதிரி. கடவுளை மறுப்பவன் முகவரியையும் சேர்த்துத் தொலைக்கிறான்.

அவன் மீது வரும் சந்தேகமும் தத்துவம் சார்ந்ததாக இருப்பதில்லை. ‘சாமிக்கே பயப்படாதவன் மனுஷனுக்கா பயப்படப் போறான்?’ என்பதுதான் அது. இதில் ஒரு வியாபாரத் தர்க்கம் உண்டு. உப்புத் தோல் கடனுக்குக் கைமாறும் தொழிலில், எழுத்தை விட வாய்ச்சொல்லுக்கு மதிப்பு அதிகம். எதிராளி ஒரு மேலதிகாரிக்குப் பயந்தவன், அந்த மேலதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் கடன் கொடுப்பவருக்கு ஒரு தெம்பு. அதாவது கடவுள் பயம் ஒரு ஜாமீன். அந்த ஜாமீன் இல்லாதவனுக்குக் கடன் கொடுக்கவும், பெண் கொடுக்கவும் ஊர் தயங்குகிறது.

அந்த ஜாமீன் செல்லுமா என்று பார்க்க இந்தப் பட்டையைவிட நல்ல இடம் கிடையாது. சாட்சி சொல்லப் பாலாறு இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, மயிர் உதிர்ந்து, குரோமியத்தில் பதப்பட்டு நீலநிறத்தில் டிரம்மிலிருந்து வெளியே வரும் தோல் விட்டுப்போகும் கழிவுநீர், எத்தனையோ ஆண்டுகள் ஆற்றுக்கும் வயலுக்கும் கிணற்றுக்கும் போனது. அதைத் திறந்துவிட்ட தோல் ஷாப்களின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், முதலாளிகள் நாத்திகர்கள் அல்லர். வேளை தவறாமல் தொழுதவர்கள் உண்டு, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் உண்டு, கோயிலுக்குக் கொடுத்தவர்கள் உண்டு. கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகளும் அவரவர் சாமியைக் கும்பிட்டவர்கள்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்த பிறகுதான் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நியதி சட்டமாக நின்றது. பெயருக்கு ஒரு தொகையாக ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. எல்லாவற்றையும் பார்க்கும் கண்ணுக்குப் பயப்படாத கை, நீதிமன்ற ஆணைக்குப் பயந்தது. அதுவும் முழுதாகப் பயந்துவிடவில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சகதியில் மூழ்கிச் செத்தார்கள்.

இதை வைத்து, பக்தி ஒரு வேஷம் என்று முடிவு கட்டுவது நாத்திகர்களுக்குப் பிடித்த குறுக்குவழி. அதுவும் தப்பு. அதே முதலாளிகளின் ஜகாத்திலும் நன்கொடையிலும்தான் பல பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் போனது. 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கிய மருந்தகம் சி.எம்.சி. ஆனது அவருடைய விசுவாசத்தால்தான். பாலாறு செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஆட்சியில் இருந்தவர்கள் பெரியார் பெயரைச் சொன்ன கட்சிகள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆக, ஒருவர் கும்பிடுகிறாரா இல்லையா என்பதை வைத்து அவருடைய நாணயத்தைக் கணக்கிட முடியாது. ஊர் நம்பிக்கொண்டிருக்கும் அந்த ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்தே இல்லை.

பெற்ற தாயின் வருத்தம் இந்தக் கணக்கில் அடங்காது. மகன் தொழுகையை விட்டான், அல்லது மகள் நற்கருணை எடுக்க மறுத்தாள் என்றால், அந்தத் தாய்க்கு அது கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை. மறுமையில் பிள்ளை தன்னோடு இருக்க மாட்டான் என்று அவள் உண்மையிலேயே நம்புகிறாள். அந்த நம்பிக்கையை ஏற்காதவர்களும் அந்தத் துக்கத்தை உண்மை என்று ஏற்கத்தான் வேண்டும். அவள் அழலாம், வாதாடலாம், ராத்திரியெல்லாம் துஆ கேட்கலாம். அவளுக்கு அது உரிமை. சோற்றையும் சொத்தையும் தங்கையின் கல்யாணத்தையும் காட்டி அவனை மடக்குவதற்கு அந்த உரிமை நீளாது. அப்படி மடக்கி வாங்கும் தொழுகையால் அவளுக்கே என்ன பயன்? உள்ளத்தைப் பார்ப்பதாக அவள் நம்பும் கடவுளிடம் நடிப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத்தான் முடியும்.

ஊர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ரமலான் பகலில் டீக்கடை முன்னால் சாக்குப் படுதாவோ பழைய வேட்டியோ தொங்கும். படுதாவுக்குக் கீழே கால்கள் மட்டும் தெரியும். ஒன்றிரண்டு கால்கள் தோல் ஷாப்பின் ரப்பர் பூட்ஸோடு, ஒன்று பேண்டோடு, ஒன்று கைலியோடு. கைலிக்காரர் யார் வீட்டுப் பிள்ளை என்று டீ ஆற்றுபவருக்குத் தெரியும், எதிர்க்கடைக்காரருக்கும் தெரியும். யாரும் கேட்பதில்லை. இந்த மௌனத்தைச் சகிப்புத்தன்மை என்று சிலர் மெச்சுகிறார்கள். ஓரளவு சரிதான், அம்மாவை ஊர் வாயிலிருந்து காப்பாற்றுகிற ஏற்பாடு அது. ஆனால் நாற்பது வயதிலும் ஒருவர் படுதாவுக்குப் பின்னாலேயே டீ குடிக்க வேண்டியிருந்தால், அதற்குச் சகிப்பு என்று பெயர் வைப்பது தாராளம்தான்.

படுதாவை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கோவை சாட்சி. திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக், பழைய இரும்பு வியாபாரி, கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசியவர், 2017 மார்ச் 16 இரவு வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. மகன் எந்தக் கருத்துக்காகச் செத்தானோ அந்தக் கருத்தின் பக்கமே தானும் போகப்போவதாக அவருடைய தந்தை அறிவித்தார். நம்பிக்கையைக் காப்பாற்றுவதாக நினைத்து வீசிய அரிவாள், தொழுகிற ஒரு வீட்டிலிருந்து இன்னொருவரையும் வெளியே தள்ளியது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு நாத்திகர்கள் அதிகம் பேசாத ஒரு வேறுபாடு உண்டு. இந்துவாகப் பிறந்த நாத்திகர் சட்டத்தின் கண்ணில் இந்துவாகவே தொடர்கிறார். சொத்துரிமை, இடஒதுக்கீடு எதுவும் போகாது. அவருடைய சுயமரியாதைத் திருமணம்கூட 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இந்துத் திருமணச் சட்டத்துக்குள்ளேயேதான் செல்லுபடியானது. முஸ்லிமாகப் பிறந்து நம்பிக்கை இழந்தவருக்கு அப்படி இல்லை. தனக்கு ஷரியத்துக்குப் பதில் பொதுவான வாரிசுரிமைச் சட்டம் வேண்டும் என்று கேரளப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 2024-இல்தான் நோட்டீஸ் போனது. ஆக, ஒரே கருத்துக்கு இரண்டு வீடுகளில் இரண்டு விலை. ஈரோட்டு நாத்திகத்தின் துணிச்சலைப் புகழ்கிறவர்கள் ஆம்பூர் முஸ்லிம் தெருவில் பிறந்தவனின் துணிச்சலுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை ஒதுக்கலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாத்திக வீடுகளிலும் படுதா தொங்குகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மனைவி. கணவர் மேடையில் கடவுளை மறுப்பார். அவர் வெளியூர் போன வெள்ளிக்கிழமை பார்த்து அம்மா விளக்கேற்றுவார். பிள்ளை திருநீறு பூசிக்கொண்டு வந்தால் ‘காட்டுமிராண்டி’ என்று கேலி செய்யும் அப்பாவும், தொழாத மகனைக் ‘காஃபிர்’ என்று திட்டும் அப்பாவும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலையை உடைத்த வழக்கில் 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஒரு பொருள் சிலருக்குப் புனிதம் என்றால் அதன் மதிப்பை மற்றவர்களின் பகுத்தறிவைக் கொண்டு அளக்கக் கூடாது என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். 2018 மார்ச் 6 இரவு திருப்பத்தூரில் பெரியார் சிலை சேதப்படுத்தப்பட்டபோது கோபப்பட்டவர்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும். சிலைக்கு உயிர் இல்லை என்று தெரிந்தும் வலித்ததல்லவா?

மாற்றுக் கருத்தை எப்படி எதிர்கொள்வது என்பதற்கு நம் இலக்கியத்தில் அழகான ஒரு சபை இருக்கிறது. மணிமேகலை வஞ்சியில் ஒவ்வொரு சமயவாதியாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்காத பூதவாதியின் முறை வரும்போது சிரித்துவிடுகிறாள். உன் தாய் தந்தை இன்னார் என்பதை ஊகித்துத்தானே அறிந்தாய் என்று மடக்குகிறாள். மடக்கினாளே தவிர, அவனைச் சபையை விட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. அவனும் தன் கொள்கையை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வந்தது.

அப்படியானால் நம்பிக்கை இழந்த பிள்ளையும் வீட்டுக்கு ஏதாவது கடன்பட்டவனா? ஆம். தாயின் ஜனாஸாத் தொழுகையில் அவன் வரிசையில் நிற்பது பொய்யா? கொள்கைச் சுத்தம் பார்ப்பவர்கள் பொய் என்பார்கள். தந்தைக்குக் கொள்ளி வைக்கும் பெரியார் தொண்டரையும் தோழர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் அங்கே நிற்பவன் கடவுளிடம் எதையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு முக்கியமாக இருந்த ஒன்றைச் செய்கிறான். விரும்பி நின்றால் அதில் நடிப்பு இல்லை. நிற்க மனம் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். ஊர் என்ன சொல்லும் என்பதற்காக அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தக் கூடாது.

1973 டிசம்பர் 24-இல் பெரியார் உயிர் பிரிந்தது வேலூர் சி.எம்.சி.யில். வளாகத்துக்குள்ளேயே சிற்றாலயம் உள்ள மிஷன் ஆஸ்பத்திரி, நாட்டின் பெரிய நாத்திகருக்கு வைத்தியம் பார்த்தது. அவரும் அங்கே போய்ப் படுத்தார். மதமும் சாதியும் குறிப்பிடாமல் பள்ளியில் சேரலாம் என்ற அரசாணை வந்ததும் அதே 1973-இல்தான், ஜூலையில். அதற்கு 52 ஆண்டு கழித்து, 2025 ஜூனில், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இன்னொருவருக்குச் சாதி மதமற்றவர் சான்றிதழ் தரவும், அதற்கென்று அரசாணை போடவும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

சான்றிதழ் கிடைத்தாலும் கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. கபரஸ்தான் ஜமாத்துடையது, கல்லறைத் தோட்டம் சபையுடையது, சுடுகாட்டிலும் தெருவுக்கு ஓர் ஓரம் உண்டு. நம்பாதவர்கள் பலர் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைக்கிறார்கள். ஆனால் எழுதி வைத்தவர் இறந்த பிறகு, உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவருடைய மனைவியோ மக்களோதான். அவர்கள் மனம் வைக்காவிட்டால் எழுதி வைத்த காகிதத்தால் ஒன்றும் நடக்காது. குளிப்பாட்டி, கஃபன் சுற்றி, துஆ ஓதி அடக்கம் செய்ய வேண்டும் என்று நெஞ்சார நம்பும் மகன், நம்பாத தகப்பனின் உடலோடு வேலூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும்.