மிக்கி வருமா?

1955-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் சிலர், "மிக்கி உனக்காகக் காத்திருக்கும்" என்று வாக்களிக்கின்றனர். அங்கே காத்திருப்பதோ குழந்தைதான், நீண்ட வரிசையில். எல்லாப் பாத்திரங்களும் எந்நேரமும் தோன்றுவதில்லை. தொலைக்காட்சியில் கையளவாய்க் கண்ட எலி ஆளுயரம் நிற்கக் கண்டு அலறும் மழலையரும் உண்டு.

வேடம் பொய்யா? அன்று என்போம். விளையாட்டுப் பேச்சைப் புனித அகுஸ்தினாரே பொய்களின் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றொருவர் வருகைக்கு நாம் தரும் உறுதிமொழிதான் ஏமாற்றுகிறது. நம் கையில் இல்லாததைப் பயணக் களிப்பில் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். "வந்தால் பார்ப்போம், பெரிதாயிருக்கும், கையசைக்கும்" என்று முந்தின இரவே சொல்லலாமே!

"உள்ளே ஆள் இருக்கிறாரா?" என்று குழந்தை கேட்டால்? இங்கேதான் நாம் தடுமாறுகிறோம். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை, கேட்டபின் மறைக்கலாகாது. ஆள் இருப்பதை அறிந்தும் ஓடிச்சென்று கட்டிக்கொள்ளும் குழந்தைகள் பலர்.