கயிறும் கர்த்தாவும்

சிறுவர்களை மகிழ்விக்க எடுக்கப்பட்ட ஒரு படத்தை முதிர்ந்த பிராயத்தில் மீண்டும் பார்க்கிறவனுக்கு, அன்று கண்ணில் படாதவையே இன்று முதலில் படுகின்றன. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் வெளியான ‘தண்டர்பேர்ட்ஸ் ஆர் கோ’ என்ற படத்தின் கதாபாத்திரங்கள் யாவரும் பொம்மைகளே. கம்பியில் தொங்கியபடியே அவர்கள் விண்கலம் ஏறிச் செவ்வாய்க் கிரகம் போகிறார்கள், ஆபத்தில் சிக்குகிறார்கள், மீட்கப்படுகிறார்கள். பாலப் பருவத்தில் அந்தக் கலங்களின் முழக்கத்துக்கே மனத்தைப் பறிகொடுத்தவன், இப்போது பாவைகளின் தலைக்கு மேலே விளக்கொளியில் மின்னி மறையும் மெல்லிய கம்பியைத் தேடுகிறான். அது கண்ணில் பட்ட கணமே, இவர்களை ஆட்டுவிப்பவர் யார், இவர்கள் செய்யும் நன்மை தீமைகள் யாரைச் சாரும் என்ற பழைய விசாரமும் கூடவே எழுந்துவிடுகிறது.

ஜெரி ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியாவும் கதை எழுத, டேவிட் லேன் இயக்கிய இப்படம், லண்டனுக்கு மேற்கே ஸ்லௌ நகரத்தின் தொழிற்பேட்டையில் அமைந்திருந்த ஸ்டூடியோவில் உருவாயிற்று. இரண்டடிக்கும் சற்றுக் குறைந்த உயரமுள்ள பாவைகளை, தளத்துக்கு மேலே கட்டிய பரணில் நின்றவர்கள் டங்ஸ்டன் கம்பிகளால் அசைத்தார்கள்; கம்பி கண்ணுக்குத் தெரியாதிருக்கப் பின்னணிக்கு ஏற்றபடி அதற்கு வர்ணமும் தீட்டினார்கள். இவற்றிலெல்லாம் சிந்தனைக்கு உரியது, பாவை பேசும் விதம். வசனம் முழுவதும் முன்கூட்டியே ஒலிநாடாவில் பதிவாகிவிடும்; அந்த ஒலிக்கு இசைந்த மின்துடிப்பு கம்பி வழியே இறங்கித் தலைக்குள் பொருத்திய சிறு மின்காந்தக் கருவியைத் தூண்ட, கீழுதடு அசையும். பாவை வாய் திறப்பதற்கு முன்பே அது சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது; விதி என்று நம் முன்னோர் கூறியதற்கு இதைவிடத் துல்லியமான யந்திர ரூபம் கிடைப்பது அரிது. ஆயினும் மேலே நின்றவர்களும் சர்வ வல்லமை படைத்தவர்களல்லர். பாவையை இயல்பாக நடக்கவைக்கும் சாமர்த்தியம் கடைசிவரை அவர்களுக்கு முழுமையாகக் கைவராமையால், கூடியவரையில் அதை நாற்காலியிலோ வாகனத்திலோ அமர்த்தியே கதையை நடத்திச் சென்றார்கள்.

கதை எளியது. செவ்வாய்க்குப் புறப்படும் ஜீரோ-எக்ஸ் என்னும் கலத்தின் இரகசியங்களைத் திருட ஹூட் என்ற துஷ்டன் அதனுள் ஒளிந்துகொள்ள, இறக்கையின் இயந்திரப் பகுதியில் அவன் கால் சிக்கிக் கலம் கடலில் வீழ்கிறது. இரண்டாண்டுகளுக்குப் பின் மறுபடி புறப்பட்டுச் செவ்வாயை எட்டிய குழுவினர், திரும்பி வருகையில் கலம் பழுதுபட்டு, தப்பிக்கும் சாதனமும் இயங்காமல் மரணத்தின் வாயிலில் நிற்கிறார்கள். அப்போது ஆலன் என்ற இளைஞன், அருகே பறக்கும் மீட்பு விமானத்திலிருந்து வடத்தில் இறங்கி அக்கலத்துள் புகுந்து, அறுந்த மின்னிணைப்பை அவசரம் அவசரமாகச் செப்பனிடுகிறான். கலம் தரையில் மோதுவதற்குச் சில வினாடிகளே இருக்கையில் குழுவினர் வெளியே தூக்கி எறியப்பட்டு உயிர் பிழைக்கிறார்கள். ஏற்கெனவே கம்பியில் தொங்குகிற பாவை, பிறரைக் காக்கும்பொருட்டு இன்னொரு கயிற்றிலும் தொங்குகிற இந்தக் காட்சியைச் சிறுவன் வீரமென்று கைதட்டி ரசித்தான். பெரியவனோ, துஷ்டனையும் இரட்சகனையும் ஆட்டிய கைகள் ஒரே பரணிலிருந்துதான் நீண்டன என்பதை எண்ணித் திகைக்கிறான். ஆட்டுவிப்பது ஒரே சக்தியானால், ஹூடை நிந்திக்கவும் ஆலனைப் போற்றவும் நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தின் 61ஆம் சுலோகம், எல்லா உயிர்களின் இருதயத்திலும் வீற்றிருக்கும் ஈசுவரன், யந்திரத்தில் ஏற்றப்பட்டவற்றைப் போல அவற்றை மாயையால் சுழற்றுகிறான் என்கிறது. மனிதனின் சுதந்திரத்துக்கு இத்துடன் முற்றுப்புள்ளி வைக்க விரும்புகிறவர் பலர். அவர்கள் இரண்டே சுலோகங்கள் தள்ளிப் படித்தால், இவை அனைத்தையும் முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று அதே கண்ணன் அருச்சுனனிடம் முடிவை விட்டுவிடுவதைக் காண்பார்கள். இழுக்கும் சக்தி உண்டென்பதும், ஆராயும் கடமை உனக்கு உண்டென்பதும் அங்கே ஒன்றையொன்று மறுக்காமல் அருகருகே நிற்கின்றன. ஸ்லௌவின் பாவைக்கு முதற் பாதி பொருந்துகிறது. இரண்டாம் பாதி பொருந்துவதில்லை. அது தலைக்கு மேலுள்ள கம்பியை நிமிர்ந்து பார்த்து, இது என்னை எங்கே இழுக்கிறது என்று கேட்டதில்லை. மனிதன் கேட்கிறான், கேட்கிற அளவுக்கே அவன் கர்த்தாவாகிறான்.

வள்ளுவர் இதை இன்னும் கடுமையாகச் சொன்னார். நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உள்ளத்தில் நாணம் இல்லாதவர் உலவுவது, கயிற்றினால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒத்தது என்கிறார். கயிற்றில் கட்டுண்டவரெல்லாம் பாவை என்று அவர் கூறவில்லை. அகத்தே கூச வேண்டியது கூசாதவரைத்தான் பாவை என்கிறார். பிறப்பு, குலம், பசி, காலம் என்னும் கயிறுகள் எவரை விட்டன? அவற்றின் இழுப்பினூடே, இது தகாது என்று உள்ளே ஒன்று கூசுகிறதா என்பதே கேள்வி.

படத்தில் செவ்வாய் மண்ணில் இறங்கிய குழுவினர், சுருண்டு கிடக்கும் விசித்திரமான பாறைகளைக் கண்டு, ஆராய்ச்சிக்கென ஒன்றைப் பீரங்கியால் தகர்க்கிறார்கள். அவை பாறைகளல்ல, தீயுமிழும் ஒற்றைக்கண் பாம்புகள் என்பது பிறகே தெரியவருகிறது. உயிரற்ற பொம்மைகள் உயிருள்ளதைக் கல்லென்று கருதிச் சுடும் இந்தப் பகுதியைச் சிறுவயதில் பயந்துகொண்டே பார்த்தவன், இன்று சிறிது வெட்கத்துடன் பார்க்கிறான். அந்தப் பொம்மைகளை ஒருவர் ஆட்டிவைத்தார். அவற்றுக்கு மன்னிப்பு உண்டு. எதிரே நிற்பதற்கு உயிர் உண்டா என்று விசாரியாமலே கை ஓங்குகிற நாம், அதற்கு விதியைச் சாட்சிக்கு அழைப்பதில் ஒரு நியாயமும் இல்லை.